பதினெட்டு விநாடிக்கு ஒரு குமிழி

1. பொங்கல் கழிந்த இரண்டாம் வாரம் கடல் தெளிந்தது. புதுச்சேரியிலிருந்து பயிற்சியாளர் வந்து சேர்ந்தார்.
2. நானும் பெரியம்மை மகனும் ஸ்கூபா டைவிங் அட்வான்ஸ்டு பயிற்சியில் சேர்ந்தோம்.
3. முதல் முங்கல்: என் டேங்கில் மிச்சம் 60. அவன் டேங்கில் மிச்சம் 130.
4. இரண்டாம் முங்கல்: கேஜுகளை மாற்றிக்கொண்டோம். எனக்கு 55. அவனுக்கு 130.
5. மூன்றாம் முங்கல்: அவனுடைய குமிழிகளை எண்ணினேன்.
6. காரணம் தெரிந்தது.
7. ஆறு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

இந்தப் பட்டியல் என் டைவிங் லாக் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. முதல் ஆறு வரிகளை நடந்த அன்றே எழுதினேன். ஏழாவது வரியைச் சேர்க்க மூன்று மாதம் ஆனது.

நான் படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன். தூத்துக்குடியில் ஒரு தொழிற்சாலையில் அழுத்தமானிகளைச் சோதித்துச் சரிசெய்யும் பிரிவில் வேலை பார்த்தேன். ஒரு நாளைக்கு நாற்பது கேஜ் வரும். முள் காட்டுவது உண்மையா என்று பார்த்து, ஒட்டுச்சீட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். மூன்று வருடம் அதைச் செய்த பிறகு, அழுத்தம் என்பது எனக்கு முள்ளும் எண்ணும் மட்டும்தான் என்று ஒரு நாள் தோன்றியது. பத்து மீட்டர் தண்ணீருக்கு அடியில் போனால் ஒரு பார் கூடும் என்பது எல்லோரும் படிக்கும் பாடம். அந்த ஒரு பார் உடம்பில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. குளச்சலுக்கு மேற்கே, வாசலில் நின்றால் அலை தெரிகிற வீட்டில் வளர்ந்தவளுக்குத் தெரியாமல் இருந்தது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. 2004 டிசம்பரில் எனக்குப் பதினாறு வயது. அதற்குப் பிறகு பல வருடம் நான் கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

புதுச்சேரிக்காரர் ஒருவர் ஒவ்வொரு வருடமும் கடல் தெளிவாக இருக்கும் இரண்டு மாதங்களுக்கு எங்கள் பக்கத்து ஊரில் வீடு வாடகைக்கு எடுத்துப் பயிற்சி கொடுத்தார். நாங்கள் அவரை சார் என்போம். முந்தின வருடம் அவரிடம்தான், கரையோர ஆழமில்லாத தண்ணீரில், அடிப்படைப் பயிற்சி முடித்தேன். லீவு போட்டுப் பயிற்சிக்கு வர அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். பெரியம்மை மகன் கூட வந்தால் போகலாம், இல்லையென்றால் இல்லை.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். சிப்பிக்கு முங்குகிறவன். ரப்பர் டியூபில் வலைப்பையைக் கட்டி மிதக்க விட்டு, கையில் இரும்புக் கம்பியோடு ஒரே மூச்சில் பாறையடிக்குப் போய், சிப்பியைக் குத்திப் பெயர்த்து, பையை நிறைத்துக்கொண்டு வருவான். பத்து மீட்டர் அவனுக்குப் பெரிய ஆழம் இல்லை. முதல் வருடம் எனக்குத் துணையாக, சும்மாதான் அடிப்படைப் பயிற்சிக்கு வந்தான். இரண்டாம் வருடம் அவனுக்கே காரணம் இருந்தது. லட்சத்தீவில் ஒரு டைவிங் நிலையத்தில் உதவியாளர் வேலை. அட்வான்ஸ்டு சான்றிதழ் இருந்தால் ஏப்ரலில் சேரலாம் என்று சொல்லியிருந்தார்கள். டேங்க் போட்டு முங்கும் நாட்களில் மூச்சடக்கி முங்கக் கூடாது என்று சார் விதி வைத்திருந்ததால், அந்த சீசன் முழுவதும் அவன் சிப்பிக்குப் போகவில்லை. பெரியம்மை நாகர்கோவிலுக்குப் போய் சக்கரம் வைத்த ஒரு பெட்டி வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள்.

முதல் நாள் என் பையைத் திறந்து, மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த பட்டியலைப் படித்தான். மாஸ்க், மாஸ்க்கின் மாற்றுப் பட்டை, சிலேட்டு, சிலேட்டுப் பென்சில் இரண்டு என்று போகும் அது.

“ஏட்டி, முங்கப் போறியா, கல்யாணத்துக்குச் சாமான் வாங்கப் போறியா?” என்றான்.

அவனிடம் இருந்தது ஒரு தோர்த்துத் துண்டு மட்டும்.

ஸ்கூபா தெரியாதவர்களுக்காக இரண்டு விஷயம். டேங்கில் காற்றை இருநூறு பார் அழுத்தத்துக்கு நிரப்புவார்கள். ஐம்பதுக்குக் குறையுமுன் மேலே வந்துவிட வேண்டும். யாருடைய டேங்கில் கடைசியில் அதிகம் மிச்சமிருக்கிறதோ, அவர் பதறாமல் அமைதியாக மூச்சு விட்டிருக்கிறார் என்று அர்த்தம். அதனால் முங்கி வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது அடுத்தவர் கேஜை.

முதல் முங்கல் பதினெட்டு மீட்டர், நாற்பது நிமிடம். கீழே போனதும் நான் போட்டிருந்த சிவப்புச் சட்டை பழுப்பாகிவிட்டது. பொரியரிசி வெடிப்பது போல ஒரு சத்தம் எல்லாத் திசையிலிருந்தும் கேட்டுக்கொண்டே இருந்தது. பாறை இடுக்கில் வாழும் சின்ன இறால்கள் போடும் சத்தம் என்று சார் பிறகு சொன்னார். இருபத்தாறு வருடம் இதற்கு மேலேயே வாழ்ந்திருக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு கிளாத்தி மீன் என் காலில் மாட்டியிருந்த ஃபின்னைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போனது. பார்க்கப் பார்க்கக் கேள்விகள் கூடிக்கொண்டே போயின. சிலேட்டு நிறைந்துவிட்டது.

வள்ளத்தில் ஏறியதும் கேஜ் பார்த்தோம். எனக்கு அறுபது. எங்களோடு படித்த நாகர்கோவில்காரர்கள் இருவருக்கும் ஐம்பதை ஒட்டி. அண்ணனுக்கு நூற்று முப்பது. சார் அவன் முதுகில் தட்டினார். மூச்சு எப்படி விடுவது என்று இந்தத் தம்பியைப் பார்த்துப் படியுங்கள் என்றார். அண்ணன் சிரித்தான். பிறகு தோர்த்தைத் தலையில் இறுக்கக் கட்டிக்கொண்டு வள்ளத்தின் முன்முனைக் கொம்பில் சாய்ந்து கண்ணை மூடினான். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றான்.

அன்று மாலை கணக்குப் போட்டேன். டேங்கின் கொள்ளளவு பதினொரு லிட்டர். அவன் செலவழித்தது எழுபது பார். ஆழத்தின் அழுத்தத்தால் வகுத்து, நிமிடத்தால் வகுத்தால், நிமிடத்துக்கு ஏழு லிட்டர்கூட வரவில்லை. படுத்துத் தூங்குகிறவனுக்குக் கணக்கு ஏறக்குறைய அவ்வளவு வரும். அவன் நாற்பது நிமிடம் நீரோட்டத்துக்கு எதிரே ஃபின் அடித்தவன்.

எங்கள் தொழிலில், நம்ப முடியாத எண் வந்தால் முதலில் சந்தேகப்படுவது கருவியைத்தான். நான் எழுதிய வரிசை:

கேஜ் பொய் சொல்கிறது.
டேங்க் பெரியது.
நுரையீரல் வேறு மாதிரி.
மூச்சு விடவில்லை.

நான்காவதை எழுதிவிட்டுச் சிரித்தேன். வரிசை முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் எழுதியது அது.

இரண்டாம் முங்கலில் நானும் அவனும் கேஜ் மாற்றிக்கொண்டோம். அவன் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு இந்த மாதிரிக் கிறுக்கு உண்டு என்று அவனுக்குத் தெரியும். முடிவு மாறவில்லை. டேங்க்குகளின் கழுத்தில் பொறித்த எண்களைப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு. அன்றும் அவன் தோர்த்தைக் கட்டிக்கொண்டு படுத்தான். மேகமூட்டமான நாள் அது. வெயிலே இல்லை.

மேலே வருமுன் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். சேஃப்டி ஸ்டாப் என்பார்கள். மூன்றாம் முங்கலில், அந்த மூன்று நிமிடமும் நான் அவன் வாயையும் என் வாட்சையும் மாறி மாறிப் பார்த்தேன். அவன் ஒரு மூச்சு இழுத்தான். பிறகு ஒன்றுமில்லை. கண் திறந்திருக்கிறது, கை கயிற்றில் இருக்கிறது, குமிழி வரவில்லை. பதினெட்டாவது விநாடியில் ஒரு கொத்துக் குமிழி. உடனே அடுத்த மூச்சு. மறுபடி பதினெட்டு. மறுபடி பதினெட்டு. மூன்று நிமிடத்தில் பத்து முறை எண்ணினேன். ஒரு விநாடிகூடப் பிசகவில்லை. ஸ்கூபாவின் முதல் விதி, மூச்சை அடக்கக் கூடாது என்பது. அதைவிட அந்தச் சீரான பதினெட்டுதான் என்னை அப்போது இழுத்தது. மனிதர்கள் இவ்வளவு துல்லியமாக இருக்க மாட்டார்கள். எதையோ வைத்து அளக்கிறான். எதை வைத்து?

மறுநாள் கடல் கலங்கிவிட்டது. நான்காவது முங்கலை, முப்பது மீட்டருக்குப் போகும் ஆழ முங்கலை, சார் தள்ளிவைத்தார். அன்று மாலை பெரியம்மை வீட்டில் இருந்தபோது ஜெபமாலை தொடங்கியது. மணிக்கு ஒரு மந்திரம்; பெரியம்மை அதன் முன்பாதியைச் சொல்வாள், மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வோம். ஊரில் எல்லோரும் அருள் நிறை மந்திரத்தை ஓட்டமாக ஓட்டுவார்கள். பெரியம்மை மட்டும் இழுத்து இழுத்துச் சொல்வாள். அதனாலேயே அந்த வீட்டு ஜெபத்துக்கு நாங்கள் சின்ன வயதில் போகப் பயப்படுவோம். ஏழாவதோ எட்டாவதோ மணியில் என் கண் தானாக வாட்சுக்குப் போனது. ஒரு மந்திரம் முடிந்து அடுத்தது தொடங்கப் பதினெட்டு விநாடி. அடுத்ததும் பதினெட்டு.

ஜெபம் முடிந்ததும் பெரியம்மை, “செபம் சொல்லும்போ என்னட்டி வாட்சப் பாக்குற? பஸ்ஸுக்கு நேரமாச்சா?” என்றாள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையில் கரையில் வைத்துக் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. சிப்பிக்கு முங்குகிறவர்களின் இரண்டு கையிலும் வேலை இருக்கும். வாட்ச் பார்க்க முடியாது. எல்லோருமே மனசுக்குள் மந்திரம் சொல்லித்தான் நேரத்தை அறிகிறார்கள். அவனுக்கு ஒரு முங்கலுக்கு நான்கு மந்திரம். பதினான்கு வயதிலிருந்து அப்படி. டேங்க் போட்ட பிறகு, ஒரு மந்திரத்துக்கு ஒரு மூச்சு என்று குறைத்துக்கொண்டான். அவ்வளவுதான். அது அவனுக்குத் தாராளம்.

தலைவலி அதனால்தான் என்றேன். விடாத மூச்சு உள்ளே நஞ்சாகத் தங்குகிறது. ஆனால் தலைவலி சின்ன விஷயம். நெஞ்சு நிறைய அழுத்தக் காற்றை அடைத்துக்கொண்டு மேலே ஏறினால், வெளி அழுத்தம் குறையக் குறைய அந்தக் காற்று விரியும். விதிப்படி மெதுவாக ஏறினால்கூடப் பதினெட்டு விநாடியில் ஏறக்குறைய இரண்டே முக்கால் மீட்டர். அடியில் அது பெரிய வித்தியாசம் இல்லை. கடைசி மூன்று மீட்டரில் காற்று கால் பங்கு விரியும். நுரையீரலுக்கு அந்த இடம் இல்லை, கிழிந்துவிடும். மணலில் எழுதிக் காட்டினேன். சிப்பிக்கு முங்கும்போது அவன் மேலிருந்து கொண்டுபோகும் காற்று மேலே வந்தால் பழைய அளவுக்குத்தான் திரும்புகிறது. டேங்க் காற்று அப்படி இல்லை. அவனுக்கு இது தெரியாமல் இல்லை. எழுத்துத் தேர்வில் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் எழுதியவன்தான்.

“எனக்கு வேண்டாத காத்த எதுக்கு மக்கா வெறுதே இழுத்துக் களையணும்?” என்றான். “மேல ஏறும்போ மூச்ச விட்டா சிப்பிக்காரன் செத்தான். அது ஒடம்புல ஊறிப் போச்சு.”

சாரிடம் சொல்லிவிடலாம் என்றேன்.  அவன் மணலில் இருந்த என் கணக்கைக் காலால் அழித்தான்.

“சொல்லாத மக்கா. அவரு கையெழுத்து போட்டா நான் ஏப்ரல்ல தீவுக்குப் போயிருவேன். நான் மாத்திருதேன். எனக்க மூச்சு, எனக்கு மாத்தத் தெரியாதா?”

நான் சரி என்றேன். அவனுக்காக மட்டும் சொன்ன சரி இல்லை அது. அவனை நிறுத்தினால் என் துணை போகும். அம்மா என்னையும் நிறுத்துவாள். முப்பது மீட்டர், அதாவது நான்கு பார் அழுத்தம், எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு இன்னும் ஒரு முங்கல்தான் பாக்கி. கடல் தெளியக் காத்திருந்த நாட்களில் அவன் வீட்டு முற்றத்தில் ரெகுலேட்டரை வாயில் வைத்து மூச்சு விட்டுப் பழகினான். நான் எதிரில் உட்கார்ந்து எண்ணினேன். நிமிடத்துக்குப் பத்து, பதினொன்று. நன்றாகத்தான் வந்தது. சரியாகிவிட்டது என்று சிலேட்டில் டிக் போட்டேன். தரையில் சோதித்த கேஜ், தொழிற்சாலைக் குழாய் லைனில் மாட்டியதும் வேறு மாதிரி காட்டும் என்பது என் தொழிலில் தினமும் பார்ப்பது.

ஆழ முங்கல் அந்தப் பேச்சுக்கு ஏழாம் நாள் காலை. முப்பது மீட்டரில் சத்தங்கள் எங்கிருந்து வருகின்றன என்றே தெரியவில்லை. சார் எண்கள் கலைத்து எழுதிய ஒரு அட்டையைக் காட்டினார். ஒன்றிலிருந்து இருபத்தைந்து வரை வரிசையாகத் தொட வேண்டும். வள்ளத்தில் எனக்கு அரை நிமிடம் ஆன வேலை. கீழே ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது, ஆனால் முன்பைவிட வேகமாக முடித்தேன் என்று நினைத்தேன். ஆழத்தில் மூளை கொஞ்சம் மயங்கும், மயங்கியது அதற்கே தெரியாது. பதினேழு என் கண்முன்னே இருந்தது, அதைத் தேடிக்கொண்டிருந்தேன். பயமாக இல்லை. இதை எப்படிச் சோதிப்பது, அளக்கும் கருவியே மயங்கினால் எதைக்கொண்டு அளப்பது என்று யோசித்தேன். நீளமான, சோம்பலான யோசனை. அண்ணன் பக்கத்தில் சீராகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தான். நான் எண்ணுவதை அவன் பார்த்து, விரலால் சரி என்று காட்டினான்.

ஏறும்போதும் விட்டான். சேஃப்டி ஸ்டாப்பிலும் விட்டான். மூன்று நிமிடம் முடிந்ததும் சார் மேலே போகச் சைகை காட்டினார். அப்போது அண்ணன் தலையை நிமிர்த்தினான். ஐந்து மீட்டருக்கு மேலே வெளிச்சமும் வள்ளத்தின் அடிப்பக்கமும் தெரிந்தன. பதினான்கு வருடமாக, நான்கு மந்திரம் முடிந்ததும் அவன் பார்ப்பது அதைத்தான். அவன் முகம் மாறியதை மாஸ்க் வழியாகவே பார்த்தேன். குமிழி நின்றது. காலை ஒரு தடவை வலுவாக அடித்தான்.

நான் அவன் பெல்ட்டைப் பிடித்தேன். கையை மடக்கி விலாவுக்குக் கீழே குத்தினேன். எவ்வளவு வலுவாகக் குத்தினேன் என்று தெரியவில்லை. வாயிலிருந்து ஒரு பெரிய குமிழிக் கொத்து வெடித்து வந்தது. என் மாஸ்க்கில் பட்டு மேலே போனது. பெல்ட்டை விடாமல் மேலே வந்தோம். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருமினான், அவ்வளவுதான்.

சார் பார்த்திருந்தார். வள்ளத்தில் ஏறியதும் என்ன என்று கேட்டார். இனி யோசிக்க எதுவும் இல்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: கேஜ், குமிழி, மந்திரம், தலைவலி. அண்ணன் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சார் என் பேச்சை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, எப்போதிலிருந்து தெரியும் என்றார். ஆறு நாளாக என்றேன்.

“அவர் மூச்சை அடக்கினது பழக்கம்,” என்றார். “நீங்க சொல்லாம விட்டது பழக்கம் இல்லையே.”

அந்த வருடம் இருவருக்குமே கையெழுத்துப் போடவில்லை. அண்ணனை மட்டும் நிறுத்துவார் என்றுதான் நினைத்திருந்தேன். நூற்று முப்பதைப் பார்த்து முதுகில் தட்டியது தன் தவறு என்றும் அவர் சொன்னார். அதை அண்ணனிடம் சொன்னார், என்னிடம் இல்லை.

ஏப்ரல் போனது. தீவு வேலைக்கு வேறு ஆள் போனான். அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். பெரியம்மை பேசினாள், ஆனால் அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மீன் நின்றது. நான் வாராவாரம் தூத்துக்குடியிலிருந்து வரும்போது அம்மா முட்டைக் குழம்பு வைத்திருப்பாள்.

சரியாகச் சொன்னேனா என்ற கேள்வி எனக்கு வரவில்லை. ஆறு நாள் முன்னால் சொல்லியிருந்தால், கடல் கலங்கிக் கிடந்த அந்த நாட்களிலேயே சார் அவனைக் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் வைத்துப் பழக்கியிருப்பாரே என்ற கேள்விதான் வந்தது. ஏப்ரலுக்கு முன் முடிந்திருக்கலாம். முடியாமலும் போயிருக்கலாம். அதைச் சோதிக்க வழி இல்லை. அப்போதுதான் ஏழாவது வரியை எழுதினேன்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, பெரியம்மை வீட்டு முறை வந்து அன்பியத்தார், அதாவது பங்கில் எங்கள் பகுதிக் குடும்பங்கள், எல்லோரும் அங்கே ஜெபமாலைக்குக் கூடினார்கள். ஜெபம் பாதியில் இருக்கும்போது அண்ணன் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசியது அப்போதுதான். அதுவும் என்னைப் பார்க்காமல், பெரியம்மையின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு.

“ஏட்டி, அம்மை முன்பாதிய சொல்லும்போ இழுக்கணும். நாம பின்பாதிய சொல்லும்போ விடணும். நடுவுல அடக்க நேரமே இல்ல. பாத்தியா?”

வாட்சைப் பார்த்தேன். பதினெட்டு விநாடி. பாதி இழுப்பு, பாதி விடுதல். மூச்சு எங்கேயும் நிற்கவில்லை. மெதுவாக, ஆழமாக, நிறுத்தாமல் மூச்சு விடுங்கள் என்று புத்தகம் ஒரு அத்தியாயம் முழுக்கச் சொல்வது அதைத்தான். இரண்டு மாதமாகத் தனியாகப் பழகிக்கொண்டிருந்தானாம். தலைவலி இல்லையாம்.

அடுத்த பொங்கல் கழிந்து சார் வந்தார். அண்ணனைப் பத்து முறை ஆழமில்லாத இடத்தில் முங்க வைத்து, ஒவ்வொரு முறையும் மேலே ஏறும்போது தானே அருகில் ஏறினார். வெளிச்சத்தைப் பார்க்கும் அந்தக் கடைசி ஐந்து மீட்டரில் அண்ணன் கண்ணை என் மேல் வைத்துக்கொண்டு ஏறினான். நான் குமிழிகளை எண்ணினேன்.

இன்றைய நிலை: இருவருக்கும் சான்றிதழ் கிடைத்துவிட்டது. தீவு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அண்ணன் சீசனில் சாருக்கு உதவியாக முங்குகிறான். மற்ற மாதங்களில் சிப்பிக்குப் போகிறான். இரண்டையும் ஒரே நாளில் செய்வதில்லை. கடைசி முங்கலில் அவன் டேங்கில் மிச்சம் தொண்ணூறு, எனக்கு எழுபது. வீட்டுக்கு மீன் வருகிறது.